ஒரு முழுச் சுற்று

எனக்கு வெயில் தாங்கும், புழுக்கம் தாங்காது. நாற்காலியை மின்விசிறிக்கு நேராக இழுத்துப் போட்டு உட்காருங்கள் தம்பி. கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து மூன்றே நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டீர்கள். உள்ளே சூட்டை இறக்கும் கூலரைப் பிடித்திருக்கும் நாலு ஸ்குருவில் இரண்டு தளர்ந்திருக்கின்றன, அவற்றின் மேல் தடவிய நகப்பூச்சில் இரண்டு நிறம் தெரிகிறது, இது தானாகத் தளர்ந்ததில்லை என்கிறீர்கள். கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு. என் மகள் சரியான ஆளைத்தான் அனுப்பியிருக்கிறாள். என் மனைவி கடைக்குப் போயிருக்கிறாள், அவள் வருவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

முப்பத்தொரு வருஷம் பம்பு செய்யும் ஆலையில் ஃபிட்டராக இருந்தேன். ஓய்வு பெற்றதும் நானும் மனைவியும் பேச வேண்டியதையெல்லாம் முதல் மாதத்திலேயே பேசி முடித்துவிட்டோம். அதைப் பார்த்துப் பாவப்பட்டுத்தான் மாப்பிள்ளை தன் பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்தார். அதில் ரயில் ஓட்டும் விளையாட்டு ஒன்று இருக்கிறது. சிக்னல் பார்த்து, வேகம் குறைத்து, பிளாட்பாரத்தில் சரியாக நிறுத்த வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று ரயில் ஓட்டுவேன்.

ஓட்டும்போது உள்ளே இருந்த பழைய விசிறி கத்தும். "ஏங்க, ரயில் ஓட்டுங்க, வேணாங்கல. ஆனா ரயிலே இவ்வளவு சத்தம் போடாதுங்க" என்றாள் மனைவி. மறு ஞாயிறே மாப்பிள்ளை இந்தப் பெரிய கூலரை வாங்கி வந்து தன் கையால் மாட்டினார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஓட்டிப் பார்க்காமலே அவரும் மகளும் கிளம்பினார்கள். திங்கட்கிழமை ரயில் நடுவழியில் திக்கித் திக்கி நின்றது. திரையில் சூடு தொண்ணூற்றேழு டிகிரி காட்டியது. போனில் சொன்னேன். "அடுத்த வாரமும் வரோம் மாமா" என்றார். மாதம் ஒருமுறை வருகிறவர்கள், அடுத்தடுத்து இரண்டு ஞாயிறு வந்தார்கள். மனைவி தலைக்குப் பூவெல்லாம் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

அந்த முதல் தப்பு அவருடையதுதான், நான் அதற்குப் பொறுப்பில்லை. கூலரின் அடியில் ஒட்டியிருந்த மெல்லிய பிளாஸ்டிக் தாளை உரிக்காமலே மாட்டியிருந்தார். கழற்றிப் பார்த்ததும் காது சிவந்துபோய், யாருக்கும் தெரியாமல் அதைச் சட்டைப் பைக்குள் தள்ளினார். நான் பார்த்தேன், பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். மரியாதை என்று ஒன்று இருக்கிறதே. சூட்டைக் கூலருக்குக் கடத்தும் பசையைத் துடைத்து, பட்டாணி அளவு புதிதாக வைத்து மாட்டினார். சூடு அறுபதுக்கு இறங்கியது.

அன்றைக்குச் சாப்பிடும்போதுதான் அந்தச் செய்தியைச் சொன்னார்கள். மாப்பிள்ளைக்கு ஒரு சினேகிதர், எட்டு மணி நேரப் பயணத் தூரத்தில் இருக்கிறார். இருவரும் சேர்ந்து பாகங்களை வாங்கிக் கம்ப்யூட்டர் பூட்டிக் கொடுக்கும் கடை வைக்கலாம் என்று கூப்பிடுகிறார். மாப்பிள்ளைக்குச் சின்ன வயதிலிருந்து அதுதான் ஆசையாம். "இனிமே வருஷத்துக்கு ரெண்டு தடவையாச்சும் கண்டிப்பா வருவோம்பா" என்று மகள் தாராளமாகச் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை பெட்டியைத் திறந்து, எதிரெதிர் மூலையில் இரண்டு ஸ்குருவை அரைச் சுற்றுத் தளர்த்தினேன்.

கோபத்தில் செய்ததில்லை. ஃபிட்டர் கோபத்தில் எதையும் தொடமாட்டான். புதன்கிழமை தொண்ணூற்றாறு டிகிரி, போன் செய்தேன், ஞாயிறு வந்தார்கள். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறான் என்று நினைப்பீர்கள். நினையுங்கள். தொட்டில் ஆடியதா இல்லையா?

மூன்றாவது ஞாயிறு தளர்ந்த ஸ்குருவைப் பார்த்துவிட்டு, "சூட்டுல விட்டுக்குது போல மாமா" என்றார். நானே அவருக்கு எங்கள் ஆலை வழக்கத்தைச் சொல்லிக்கொடுத்தேன். நட்டை முடுக்கியதும் அதன் தலையிலிருந்து கீழ்த்தகடு வரை பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்துவிடுவோம். நட்டு அசைந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும். கேட்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. மகளின் நகப்பூச்சை வாங்கி நாலு ஸ்குருவிலும் கோடு போட்டார்.

அரைச் சுற்றுத் தளர்த்தினால் கோடு விலகும். ஒரு முழுச் சுற்றுத் தளர்த்தினால் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். வெடித்த பூச்சுக்கு மேல் தடவ, மகளின் பழைய அறையில் அதே நிறத்தில் ஒரு பாட்டில் கிடந்தது. நாள்பட்டதால் கொஞ்சம் மங்கிவிட்டது. அதைத்தான் நீங்கள் கண்டுபிடித்தீர்கள்.

கோடு நேராக இருக்கிறது, சூடு மட்டும் ஏறுகிறது. மாப்பிள்ளை பசையை மாற்றினார். விசிறியைத் திருப்பி மாட்டினார். மேசையைச் சுவரைவிட்டுத் தள்ளிப் போட்டார். வீட்டுக்கு வரும் மின்சாரத்தைச் சந்தேகப்பட்டார். ஒவ்வொரு தடவையும் கூலரைக் கழற்றி, திரும்ப முடுக்கி, கோடு போட்டுவிட்டுப் போவார். ஞாயிறு சாயங்காலம் அறுபது, புதன்கிழமை தொண்ணூற்றாறு. ஏழாவது வாரம் ஒவ்வொரு ஸ்குருவையும் முடுக்கிவிட்டு, சரிதானா என்று என்னைப் பார்த்தார். அலுவலகத்தில் யாராவது கம்ப்யூட்டரைப் பார்க்கச் சொன்னால்கூட இப்போதெல்லாம் "எனக்கு அவ்வளவா தெரியாதுங்க" என்று ஒதுங்கிவிடுகிறாராம்.

"ஏழு வாரமா ஒரு ஃபேனை மாட்ட முடியல, இவரு கடை வைக்கப் போறாராம்" என்று மகள் வெடித்துவிட்டாள். சொன்ன பிறகு அவளே அழுதாள். மாப்பிள்ளை எழுந்து முற்றத்துக்குப் போய், சினேகிதருக்குப் போன் போட்டு, "வேற ஆளைப் பாத்துக்கடா, என் கை நம்புற மாதிரி இல்ல" என்றார். நான் பக்கத்தில் போய் அவர் தோளில் கை வைத்தேன்.

"விடுங்க மாப்பிள்ளை. எல்லார் கைக்கும் எல்லா வேலையும் படியாது."

என்ன பதமாகச் சொன்னேன் பாருங்கள். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க ஒருத்தர்தான் மாமா என்னைக் கேவலமாப் பாக்கல" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நிஜமாகவே கலங்கியது, அதில் நடிப்பில்லை.

ஆனால் அந்தச் சினேகிதர் விடாக்கண்டன். இன்று சாயங்காலத்துக்குள் கடைசி முடிவு சொல்லச் சொல்லியிருக்கிறார். அதனால்தான் என் மகள் புருஷனுக்குத் தெரியாமல் உங்களை அனுப்பியிருக்கிறாள். அவர் மாட்டியது சரிதான் என்று தொழில் தெரிந்த ஒருவர் சொன்னால் அவருக்குத் தெம்பு வரும் என்று பார்க்கிறாள். நீங்களும் முடுக்கிவிட்டீர்கள், ஐம்பத்தெட்டு காட்டுகிறது. நல்ல வேலை, குறை சொல்லமாட்டேன்.

நான் யாருக்கு என்ன கெடுதல் செய்தேன், நீங்களே சொல்லுங்கள். அவரைப் பெற்ற பிள்ளையாகத்தான் நினைக்கிறேன். யாரையும் கட்டிப் போடவில்லை, இரண்டு ஸ்குருவைத் தளர்த்தினேன், அவ்வளவுதான். இதை மாப்பிள்ளையிடம் சொல்வதும் சொல்லாததும் உங்கள் இஷ்டம். சொன்னால் அந்தப் பிள்ளை மனசு எவ்வளவு நோகும் என்பதை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள், அதை என்னால் தாங்க முடியாது.

மணி இரண்டாகிறது. அவர்கள் நாலு மணிக்கு வந்துவிடுவார்கள். பெட்டியை மூட வேண்டாம் தம்பி, அப்படியே இருக்கட்டும். அந்த ஸ்குரு டிரைவரை மட்டும் மேசை மேல் வைத்துவிட்டுப் போங்கள்.