ஜெயதாசின் மதில்

— மக்கா அனூப்பு, ஒனக்க கம்ப்யூட்டர் கேமுல இது மதிலா பலகையா? லாரி முட்டினதும் அப்பிடியே மலந்து கெடக்குது. ஜெயதாஸ் கண்டா சிரிப்பான்.

— இது கார்டு போடாத ஓட்டமாக்கும் மாமா. கேமுக்கு மதில் ஒரே கட்டி. ஆனா படம் எங்கயும் தடங்கல்ல, பாத்தியளா?

— ஓடி என்ன காரியம்? நான் கெட்டிக் குடுத்த மதில் தானா விழுந்துன்னு அவன் பெருங்கடவிளை சந்தை முழுக்க சொல்லிட்டு நடக்கான். இப்பம் வருவான். டிப்பர் முட்டித்தான் விழுந்துன்னு கண்ணால காணணும்.

— அப்பம் பிசிக்ஸ் கார்ட மாட்டுதேன். எனக்க யூடியூப் சேனலுக்கும் இந்த டெஸ்டு வேணும். விழுதது, உடையது, நனையது, இதுதான் அதுக்கு பணி. ஒவ்வொரு கல்லுக்கும் தனிக் கனம் உண்டு. படம் கொஞ்சம் இழுக்கும்.

— இழுக்கட்டு. ஒள்ளது போல வரணும்.

— அஸ்திவாரம் எத்தன அடி மாமா?

— ஜெயதாசுட்ட சொன்னதா, தோண்டினதா?

— தோண்டினது.

— ஒண்ணே கால். சிமென்றும் கொறவுதான். ஆருட்டயும் பறயாத.

— அண்ணைக்கு மழையுண்டே. போடட்டா?

— போடு. மழைக்க எடையிலதானே டிப்பர் வந்தது.

— செரி. பாருங்கொ.

— கொள்ளாம். இப்பம் கல்லு கல்லாட்டு இருக்கு. மண்ணு கூட கறுத்து வருது. டிப்பர விடு.

— டிப்பர் இன்னும் ரோட்டு வளவுலதான் நிக்குது மாமா.

— பின்ன மதில் எங்க?

— விழுந்தாச்சு.

— ஒனக்க கார்டு பழுதாக்கும். மறுக்க ஓட்டு.

— ஓட்டுதேன். இந்நா, பின்னயும் அப்பிடித்தான். மதிலுக்குப் பொறத்த உள்ள மண்ணு வெள்ளம் குடிச்சு தள்ளுது.

— கார்ட ஊரி எடு. அவனுக்கு மொதல்ல ஓட்டினதக் காட்டினா போதும்.

— ஊருதேன், எனக்கென்ன. மாமா...

— என்னடே?

— நம்ம வீட்டுக்குப் பொறத்த, கரை இடியாம இருக்க ஒரு மதில் உண்டே. அதும் நீங்க கெட்டினதுதானே?

— நான்தான். அதுக்கென்ன இப்பம்?

— அதுக்க அஸ்திவாரம்?

— மதிலுன்னா எல்லாம் மதிலுதான். ஒரே கையி கெட்டினது.

— மாமா, வெளிய மழை நேத்து பிடிச்சது, இன்னும் விடல்ல.

— தன்யா எங்க?

— பின்முறியில, அந்த மதில ஒட்டி. பிள்ளைக்கு பால் குடுத்திட்டு ஒறங்குதா.

— எனக்க மகள எழுப்பு. பிள்ளையையும் எடுத்திட்டு முன்னால வரட்டு. ஜெயதாசுட்ட மட்டும் டிப்பர்தான், கேட்டியா?