இடது கை மட்டும் பாக்கி

அசையாதீங்க சார், குண்டூசி குத்திடும். கையை அப்படியே நீட்டி வைங்க. சாயங்கால இங்கிலீஷ் வகுப்புல எங்களை எழுப்பி நிக்க வெச்சு ஈச், ஈதர், நைதர்னு உயிரை வாங்கினீங்கல்ல? இப்ப என் முறை. தையல் கடைக்குள்ள நான்தான் டீச்சர்.

சிரிக்காதீங்கன்னா கேக்கறீங்களா, காலர் ஏறுது பாருங்க.

போன வாரம் நான் கேட்ட கேள்விக்கு எல்லாரும் சிரிச்சாங்களே, நீங்ககூட உதட்டை மடிச்சுக்கிட்டீங்க. பாத்தேன். என்ன தப்பா கேட்டேன்? ஈச் ஆஃப் த ஸ்லீவ்ஸ். ஸ்லீவ்ஸ்னா ரெண்டு கை. அப்புறம் எதுக்கு ஆர் போடாம இஸ் போடணும்? நீங்களும் போர்டுல அம்புக்குறியெல்லாம் போட்டுக் காட்டினீங்க, சத்தியமா ஒண்ணும் மண்டையில ஏறல. மறுநாள் காலையில டேப்பைக் கையில எடுத்தப்புறம்தான் புரிஞ்சுது. கை ரெண்டுதான், ஆனா டேப் ஒண்ணு. ஒவ்வொண்ணாத்தான் அளக்க முடியும். அளக்குற நேரத்துல கண்ணு முன்னாடி ஒரு கைதான் இருக்கு. அதனால இஸ். சரிதானே? தலையை மட்டும் ஆட்டுங்க, தோளை ஆட்டாதீங்க.

ரெடிமேட்காரங்க ரெண்டு கையும் ஒண்ணுன்னு நெனச்சு வெட்டித் தள்ளிடுவாங்க. உங்க இடது கை அரை இஞ்ச் கம்மி, தெரியுமா? தெரியாதா! இத்தனை வருஷமா கூடவே வெச்சுக்கிட்டு? வீட்டுப்பாடத்துல அதைத்தானே எழுதினேன், ஈச் ஆஃப் ஹிஸ் ஸ்லீவ்ஸ் இஸ் டிஃபரன்ட்னு. வெரி குட்னு டிக் போட்டுட்டுப் போயிட்டீங்க. யாரோட கைன்னு கேக்கத் தோணல பாருங்க.

சரி, பட்டன். வெள்ளையா, சாம்பல் கலரா?

வந்துடுச்சு! ஏதோ ஒண்ணு. காலர் கேட்டப்பவும் ஏதோ ஒண்ணு, பாக்கெட் கேட்டப்பவும் ஏதோ ஒண்ணு. ரெண்டுல எதுன்னாலும் சரிங்கற இந்த ஈதர் மட்டும் உங்களுக்கு நாக்கு நுனியிலேயே இருக்கு. நைதரையும் கொஞ்சம் பழகுங்க சார். ரெண்டுமே வேணாம்னு சொன்னா வாய் சுளுக்கிக்குமா?

உங்க அக்கா கர்ட்டன் தைக்கக் குடுக்க வந்தாங்க. அவங்கதான் சொன்னாங்க. உங்களுக்கு ரெண்டு பொண்ணு பாத்து வெச்சிருக்காங்களாமே. நாளைக்கு ரெண்டு வீட்டுக்கும் கூட்டிட்டுப் போறாங்களாம். யாரைப் புடிச்சிருக்குன்னு கேட்டா, போட்டோவைக்கூட நிமிந்து பாக்காம, யாரா இருந்தாலும் சரிக்கான்னு சொன்னீங்களாம். ஏன் சார், அது என்ன பட்டனா?

இந்தச் சட்டையே அதுக்குத்தானாமே. எனக்கென்ன தெரியும், நான்பாட்டுக்கு ஆசை ஆசையா வெட்டினேன்.

கோவமா? எனக்கா? குண்டூசியைப் பல்லுல கடிச்சிட்டிருக்கேன்ல, அதான் குரல் அப்படி இருக்கு.

இன்னிக்காவது குடுத்துடுவேனாவா? இடது கை மட்டும்தான் சார் பாக்கி. அட, வர்றப்பல்லாம் இதையேதான் சொல்றேன்னு கவனிச்சுட்டீங்களா! பரவால்லையே, கொஞ்சம் கவனிக்கவும் செய்வீங்க போல.

பட்டன் தவிர சட்டை எப்பவோ முடிஞ்சிருச்சு. நீங்க வர்ற அன்னிக்குக் காலையில இடது கையை மட்டும் பிரிச்சு வெச்சிடுவேன். நீங்க போனதும் திரும்பத் தச்சிடுவேன். துணிதான் பாவம், ஊசி பட்டுப் பட்டே நைஞ்சு போச்சு.

கையை இறக்கலாம் சார். அளந்தாச்சு. எப்பவோ அளந்தாச்சு.

அக்காகிட்ட போய், நாளைக்குப் போட்டுக்கச் சட்டை ரெடியாகலன்னு சொல்லுங்க. எப்பதான் ஆகும்னு கேப்பாங்க. அதுக்கு நீங்கதான் பதில் சொல்லணும். மெதுவா யோசிச்சுச் சொல்லுங்க, அவசரமில்ல. ஏதோ ஒண்ணுன்னு மட்டும் சொல்லிடாதீங்க.