மதனுக்குச் செய்த கிரீடம்

கோதுமை மாப் பசை நன்றாகக் காய்வதற்கு எங்கள் பசறைப் பக்கத்தில் இரண்டு நாள் வெயில் வேண்டும். மாசி மாதத்தில் அது கிடைத்தால் அதிர்ஷ்டம். இதை முதலில் சொல்லக் காரணம், ஐயா, தேயிலைத் தோட்டத்தில் எல்லோரும் மழையைத்தான் திட்டுகிறார்கள்.

நாடகச் சாமான் செய்யும் வேலையைப் பதுளையில் மூன்று நாள் பயிற்சியில் கற்றேன். நளீரா டீச்சர் பொறுமைசாலி. பழைய பேப்பரைக் கிழித்து, பசையில் நனைத்து, அடுக்கடுக்காக ஒட்டினால் கிரீடம் உறுதியாக நிற்கும் என்று காட்டினார். ரெஜிபோமை, டிவிப் பெட்டிக்குள் வருமே அந்த வெள்ளை நுரை அட்டையை, வெட்டி ரப்பர் கம்மில் ஒட்டினால் ஒரு மணி நேரத்தில் வேலை முடியும் என்றும் காட்டினார். "ஆனா நெருப்புப் பக்கம் போற சாமானுக்கு அது வேணாம். புடிச்சா உருகி ஒட்டிக்கும்" என்றார். அதைக் கொப்பியில் எழுதி அடிக்கோடும் போட்டேன்.

எங்கள் காமன் கூத்தில் நெருப்பு இல்லாமல் முடியாது. விடியும் நேரம் சிவன் வேஷக்காரர் தீப்பந்தத்தில் குங்கிலியத் தூளை வீசுவார். சுவாலை மதனின் தலைக்கு மேலே குப்பென்று போகும்; மதன் எரிந்ததாக விழுவான். ஒருவன் மதன் வேஷம் கட்டினால் மூன்று வருடம் அவனே கட்ட வேண்டும் என்பது எங்கள் தோட்டத்து வழக்கம். அந்த வேஷத்துக்காகப் பத்து வருடம் காத்திருந்தேன். பாட்டெல்லாம் மனப்பாடம். இந்த வருடம் தோட்டத் தலைவர் அந்த வேஷத்துக்கு விஜேந்திரனைச் சொன்னார். லயத்து வரிசையில் எனக்கு அடுத்த காம்பராவில் குடியிருப்பவன், என்னோடு படித்தவன். "ஒனக்குத்தான் கைவேல நல்லா வருதே சதீசு, நீ கிரீடத்த செய்யி" என்றார் தலைவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மழை பெய்தது உண்மை. பசை காயவில்லை என்றேன், நம்பினார்கள். ரெஜிபோம் கிரீடம் அழகாகவே வந்தது. விஜேந்திரன் போட்டுப் பார்த்து, "அசல் ராசா மாதிரி இருக்குடா" என்று என் தோளைத் தட்டினான். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். ஓரம் லேசாகக் கருகும், பயந்துபோவான், அடுத்த வருடம் வேண்டாம் என்பான், அவ்வளவுதான் நினைத்தேன் என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.

அவன் விழுந்ததும் சனம் கைதட்டியது. கிரீடம் பற்றி உருகித் தலையில் ஒட்ட, அவன் கத்தியதையும் கூத்து என்றே நினைத்தார்கள். நான் நினைக்கவில்லை. நெருப்பை அணைக்க வைத்திருந்த ஈரச் சாக்கு என் காலடியில் கிடந்தது. பாட்டில் அந்த அடி முடியும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

நாலாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்தான். போன வெள்ளிக்கிழமை அவனுடைய அம்மா அங்கம்மா எனக்கு ரொட்டி சுட்டுக் கொண்டுவந்தார். "நீ என்னப்பா செய்வ, மழ பேஞ்சிருச்சு. சாப்புடாம கெடக்காத" என்றார். அந்த ரொட்டியைத் தொடாமல் மூடி வைத்தேன். அதனால்தான் பொலிஸ் ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்தேன்.

என் டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள், ஐயா. பேப்பரிலும் மாப் பசையிலும் செய்த கிரீடம் ஒன்று இருக்கும். அதே மழையில், அடுப்புக்கு மேலே தொங்கவிட்டு மூன்று நாளில் காயவைத்தது. விஜேந்திரனுக்கு அது சேராது. என் தலைக்கு அளவெடுத்துச் செய்தேன்.