பாலத்துக்குப் போடுற மருந்து

…பாத்ரூம்னு நீங்க வாயெடுத்ததுமே எனக்குப் பத்திக்கிட்டு வருது சார். அவ்வளவு பெரிய பாலத்தைப் பார்த்துக்கிற மனுஷனுக்கு, சொந்த வீட்டு பாத்ரூம் தரையில ஒரு விரிசலை அடைக்க வக்கில்லை பாருங்க. உள்ள வாங்க, ஏன் வாசல்லயே நிக்கிறீங்க. கீழ் வீட்டுக்குப் புதுசா வந்திருக்கிறது நீங்கதானே? சாமான் இறக்குறப்போ பால்கனியிலேர்ந்து பார்த்தேன். அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. ஏதோ சொல்ல வந்தீங்க… சொல்லலாம், என்ன அவசரம்.

எங்க வீட்டுக்காரர் எஞ்சினியர் சார். ஆத்து மேல புதுசா ஒரு பாலம் போட்டிருக்காங்களே, அதுலதான் வேலை. முன்னெல்லாம் ஒரு பாலம்னா வருஷக்கணக்கா பள்ளம் தோண்டி, சாரம் கட்டி, நம்ம உயிரை வாங்குவாங்க இல்லையா? இது அப்படியில்ல. எங்கேயோ ஒரு ஷெட்டுல துண்டு துண்டா வார்த்து, லாரியில கொண்டாந்து, கிரேன்ல தூக்கி மாட்டிட்டாங்க. சரி, மாட்டியாச்சுல்ல, வீட்டுக்கு வரவேண்டியதுதானே? அதான் இல்ல. அந்தப் பாலம் பூரா சின்னச் சின்னதா ஏதோ கருவி பதிச்சிருக்காங்களாம். எங்க பாரம் ஜாஸ்தி, எங்க ஆட்டம் ஜாஸ்தின்னு அது இவர் போனுக்குச் சேதி அனுப்பும். சாப்பிட உக்காந்தா சேதி. தலையைச் சாய்ச்சா சேதி. எனக்குக் காய்ச்சல்னா, ‘மாத்திரை போட்டுக்கோ’ம்பார். பாலத்துக்கு லேசா உடம்பு அலுங்குச்சுன்னா வண்டியை எடுத்துக்கிட்டு ஓடுவார்.

போன மாசம் பாருங்க… இல்ல சார், சொல்லிடறேன், இதைக் கேட்டாதான் உங்களுக்குப் புரியும். எங்க அக்காவை ரயில் ஏத்திவிட நானும் அவளும் பஸ்ஸுல போயிட்டிருக்கோம். பாலத்து முனையில பஸ் நின்னுடுச்சு. யாரோ ஒரு ஆள் ரோட்டுக்குக் குறுக்க நின்னு ரெண்டு கையையும் விரிச்சு மறிக்கிறார். பின்னாடி ஹாரன் காதைக் கிழிக்குது. பஸ்ஸுல இருக்கிறவங்க வாயில வராத வார்த்தை இல்ல. யாருன்னு எட்டிப் பார்த்தா… நம்ம ஆளு. அக்கா என்னைப் பார்க்கிறா. நான் ஜன்னல் பக்கம் திரும்பி ஆத்தைப் பார்க்கிறேன், எனக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி. நேரா அந்த ஜன்னலுக்கே வந்தார் சார். ‘அம்மா, டிரைவர்கிட்ட வண்டியைத் திருப்பச் சொல்லுங்க’ன்னார். என்னைத்தான். கட்டின பொண்டாட்டியை. அம்மாங்கிறார். யார் உக்காந்திருக்கான்னு முகத்தைப் பார்த்தாத்தானே.

ரயில் போயிடுச்சு. அக்கா இன்னும் என்கிட்ட முகம் கொடுத்துப் பேசறதில்ல.

ஆனா கீழ இறங்கிப் பார்த்திருக்காங்க. தூணுக்கும் பாலத்துக்கும் நடுவுல ரப்பர்ல மெத்தை மாதிரி ஒண்ணு வைப்பாங்களாம். அதுல ஒண்ணு நழுவி ஓரத்துக்கு வந்திருக்கு. அது மேல அத்தனை பஸ்ஸும் போயிருந்தா… வேண்டாம், அதை ஏன் வாயால சொல்லிக்கிட்டு. மேலதிகாரி பாராட்டியிருப்பார்னு நினைக்கிறீங்களா? ‘ஆபீஸ் விடுற நேரமா பார்த்தா மறிப்பே’ன்னாராம். வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழட்டாம உக்காந்திருந்தார். கழுத்தெல்லாம் வெயில்ல கருகிப்போய். நான் என்ன சொன்னேன் தெரியுமா? ‘அக்காவோட டிக்கெட் வீணாப்போச்சு’ன்னேன். அவ்வளவுதான் சொன்னேன் சார். அப்புறம் ரெண்டு நாள் எனக்கே மனசு கேக்கல.

தண்ணி குடிக்கிறீங்களா? வேண்டாமா? தண்ணின்னா ஏன் சார் இப்படி மிரள்றீங்க.

சரி, விரிசலுக்கு வர்றேன். கொத்தனாரைக் கூப்பிட்டா அரை நாள் வேலை. இவர் கூப்பிடலையே. ஒரு டப்பாவைத் தூக்கிக்கிட்டு வந்தார். பாலத்துத் தூணுக்குப் போடுற கலவையாம். அதுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத கிருமி தூங்கிட்டிருக்குமாம். விரிசல் விட்டு ஈரம் உள்ள போனா முழிச்சுக்குமாம். கூடவே வச்சிருக்கிற தீனியைத் தின்னுட்டு, சுண்ணாம்பா ஆக்கி, விரிசலைத் தானே அடைச்சிடுமாம். காயம் ஆறுற மாதிரி. எனக்குச் சிரிப்பு தாங்கல. அவர் சிரிக்கல. பாத்ரூம்ல மண்டி போட்டு, குழந்தைக்கு மருந்து தடவுற மாதிரி அந்த விரிசல் நெடுகப் பூசினார். ‘நான் பாலத்துக்குப் போயிடுவேன், நீ தினமும் கொஞ்சம் ஈரம் மட்டும் காட்டு’ன்னு ஒரு தெளிக்கிற பாட்டிலைக் கையில குடுத்தார்.

அந்த பாட்டிலைப் பார்த்தாலே பாவமா இருந்துச்சு சார். புஸ்ஸு புஸ்ஸுன்னு நாலு சொட்டு… அத்தனை கோடி கிருமிக்கு எந்த மூலைக்கு? அன்னிக்குத்தான் அவருக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லல, இதையாவது மனசாரச் செய்வோம்னு, காலையில ஒரு வாளி, சாயந்தரம் ஒரு வாளி ஊத்தறேன். தண்ணி வெளிய போற ஓட்டை அடைச்சிருக்கு, அதனால தண்ணி வேற எங்கேயும் போகாது. ஆனா ஊத்தின வேகத்துல ஒரு சொட்டு தரையில நிக்காது. அவ்வளவு தாகம் அதுங்களுக்கு. ‘நல்லா குடிக்குதுங்க’ன்னு அவர்கிட்ட சொன்னேன். மனுஷனுக்கு முகமெல்லாம் பூரிப்பு. ரொம்ப நாள் கழிச்சு அன்னிக்குத்தான் என்கூட உக்காந்து போனைப் பார்க்காம சாப்பிட்டார்.

என்ன சார், போனை நீட்டறீங்க? இருங்க, கண்ணாடி போட்டுக்கறேன். என்ன இது… சீலிங்கா? யார் வீட்டுது, இப்படி பெயிண்ட் எல்லாம் உப்பி, பூசணம் பூத்து… உங்க பாத்ரூமா? சொட்டுதா? எந்நேரமுமா, இல்ல… காலையிலயும் சாயந்தரமுமா.

நேரா நம்ம பாத்ரூமுக்குக் கீழயா சார்?

அப்ப… அதுங்க குடிக்கல.

தண்ணியோட அதுங்களையும் சேர்த்து நான் உங்க வீட்டுக்குக் கழுவி விட்டிருக்கேன். கவலைப்படாதீங்க சார், கடிக்கிற கிருமி இல்ல. கொஞ்ச நாள் பொறுத்தீங்கன்னா உங்க சீலிங்கை அதுங்களே அடைச்சாலும்… எந்திரிச்சிட்டீங்களே. கொத்தனாரை நாளைக்கே கூட்டிட்டு வர்றேன், உங்க வீட்டுக்கும் சேர்த்து. அவர் வந்ததும் அவர்கிட்டயும் சொல்லுங்க, தாராளமா திட்டுங்க. ஆனா வாளின்னு மட்டும் சொல்லிடாதீங்க. பாட்டில்ல தெளிச்சதாவே இருக்கட்டும். சார்… சார், கேக்குதா?