மேட்டுக்கு ஏறிய செடி

எழுபதுகளின் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தேயிலை எஸ்டேட்டிலிருந்து தானா ராத்தா டவுனுக்குப் போகும் பஸ்ஸில், என் முன் சீட்டில் களையெடுக்கும் பெண்கள் இருவர் உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவர் தன் சேலைக் கரையில் ஒட்டிய கறுப்பு ஊசி விதைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி உள்ளங்கையில் சேர்த்துக்கொண்டே சொன்னார்:

"இதுக்கு இருக்கிற புத்தி நம்ம துரைக்குக்கூட இல்ல. பஸ்ஸுக்கு நடந்து வர்றதுக்குள்ள எத்தனை ஏறிடுச்சு பாரு."

"வெறும் களைதானக்கா. வெள்ளைப் பூ, நடுவுல மஞ்ச. ரோட்டோரம், வாய்க்கா ஓரம், எங்க பாத்தாலும் நிக்குது."

"மேட்டுல புதுசா தேயிலை நட்ட இடத்துக்கு எப்படிப் போச்சு? அங்க ரோடே இல்ல. கங்காணி நம்மளத்தானே ஏசுனாரு."

"காத்துல வந்திருக்கும்."

"பறக்க இதுக்குப் பஞ்சு ஏது? நுனியில ரெண்டு மூணு முள்ளு, முள்ளுல கொக்கி. ஆளு மேல தொத்தித்தான் போவணும்."

"அங்க நம்மள விட்டா யாரு போறாக்கா?"

மூத்தவர் சிரித்தார். "கீழ களை புடுங்கிட்டு, மேட்டுல பத்து மணி தேத்தண்ணிக்கு உக்காந்தப்ப, வேலைக்குக் கட்டுன கைலியில ஒட்டினத என்ன செஞ்சோம்?"

"ஒருத்திக்கொருத்தி புடுங்கி..." இளையவள் நிறுத்தினாள். "அங்கேயே போட்டோம்."

"கீழ புடுங்குறதும் நாம, மேல நடுறதும் நாம. கெட்டிக்காரச் செடி லா."

இந்த விதைகளையாவது வீட்டு அடுப்பில் போடப்போவதாகச் சொல்லி, கையை இறுக மூடிக்கொண்டார்.

தானா ராத்தாவில் இறங்கியதும் இளையவள் கூடையை நீட்டினாள். அதை வாங்குவதற்குமுன் அவர் இரண்டு கைகளையும் நன்றாகத் தட்டிக்கொண்டார், வாய்க்கால் ஓரத்து ஈரமண்ணுக்கு மேலே.