மினுங்கற பக்கம்

அந்த ஜன்னலைச் சாத்திடுங்கோ சார், அவன் போர்டைப் பாத்துண்டு என்னால பேச முடியாது… இல்லை, வேண்டாம், திறந்தே இருக்கட்டும். நீங்களும் பாக்கணும். எதிர்ச் சாரி, மாடி, பச்சைப் பெயின்ட்டு. 'சுந்தரராமன் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்.' போன மாசம் வரைக்கும், நீங்க உக்காந்திருக்கேளே, இதே ஸ்டூல்ல உக்காந்து என் பசங்களுக்குச் சொல்லிக் குடுத்துண்டிருந்தான்!

காப்பி சாப்பிடறேளா?… வேண்டாமா? நல்லதாப் போச்சு. சக்கரை ரேஷன்.

பாண்டு எழுதி வாங்கலையான்னு கேளுங்கோ. வாங்கினேன் சார்! நான் என்ன அசடா? சேர்ந்த அன்னிக்கே வாங்கினேன். 'வேலையை விட்டு விலகினால் மூணு வருஷத்துக்கு, இந்த மாட்டுங்காவிலிருந்து ஒரு மைலுக்குள்ளே டைப்ரைட்டிங் சொல்லித்தர மாட்டேன்.' என் கையால நானே அடிச்சேன். நிமிஷத்துக்கு அறுபது வார்த்தை, ஒரு தப்பு கிடையாது… இப்பவா? இப்ப நாப்பது வரும். விரல் முட்டில வலி. அதை விடுங்கோ. ஒரே ஒரு மைல்தானே கேட்டேன்? செம்பூருக்குப் போயிருக்கலாமோல்லியோ? அங்க வயக்காட்டுல உக்காந்து கொக்குக்குச் சொல்லித்தரட்டுமே, யார் வேண்டாங்கறா?

விஜயலக்ஷ்மின்னு ஒரு பொண்ணு. கண்ணை மூடிண்டு அடிப்பா. அவளும் அங்கதான். அவளோட சேர்த்துப் பதினோரு பேர். ஏற்கெனவே ரெண்டு மெஷினை மிலிட்டரிக்காரா எடுத்துண்டு போயாச்சு, மிச்சம் அஞ்சு. அதுல மூணுக்கு உறை போட்டு வச்சிருக்கேன் பாருங்கோ. இப்படியே தீபாவளி வரைக்கும் போனா நானும் ஒரு உறையைப் போட்டுண்டு படுத்துக்க வேண்டியதுதான்.

வக்கீல் பிரம்மநாயகம்கிட்டப் போனேன். திருநெல்வேலிக்காரர். பொடியைப் போட்டுண்டு, மூக்கைத் துடைச்சுண்டு, என்ன சொன்னார் தெரியுமா? "வேய் மகாதேவன், ஒம்மகிட்ட சம்பளம் வாங்குத வரைக்கும் வேற எடத்துல சொல்லிக்குடுக்கப்பிடாதுன்னு அவனைக் கட்டிப்போடலாம். வேலைய விட்டுட்டான்னா அவன் கை அவனுக்குச் சொந்தம். அந்தப் பாண்டு இந்த தேசத்துல செல்லாது. மைல் கணக்கெல்லாம் கடையையே வித்துட்டுப் போறவனுக்குத்தான் வேய்." இதுக்கு ஒரு ஃபீஸு!

"சரி, காயிதத்தையாவது காட்டும்"னார். ரெண்டு பூட்டைத் திறந்து, டிரங்குப் பெட்டி அடியிலேர்ந்து எடுத்துண்டு போய்ப் பிரிக்கறேன்… வெள்ளைத் தாள் சார்! எழுத்தில்லை, கையெழுத்தில்லை, ஒரு புள்ளி இல்லை! பிரம்மநாயகம் அதை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுண்டு சிரிக்கறார்.

ஒரிஜினலா? அது சுந்தரராமன்கிட்ட. நான்தான் குடுத்தேன். "ஆத்துல சுவத்துல ஒட்டி வச்சுக்கோ, தினம் பாத்துப் பயப்படு"ன்னு சொல்லிக் குடுத்தேன். எனக்குக் கார்பன் காப்பி போறும்னு மடிச்சுப் பெட்டியில வச்சேன். அது எப்படி வெள்ளையாச்சு? யுத்த காலத்துக் கார்பன் சார். மசியே கிடையாது. வேறென்ன?

ஏன் விட்டுட்டுப் போனான்னு கேக்கறேள். இல்லே? கேக்கத்தானே வாயைத் திறந்தேள்?… அவனா எங்க போனான்? நான்தான் போடான்னேன்.

பின்னே என்ன சார்! கிளாஸ் நடுவுல, அத்தனை பேர் முன்னாடி, "மாஸ்டர், கார்பன் திரும்பியிருக்கு"ங்கறான். எனக்கு! 'மசி மினுங்கற பக்கம் கீழே.' நம்ம இன்ஸ்டிட்யூட்ல முதல் பாடமே அதாக்கும். இருபது வருஷமா வரவா போறவாளுக்கெல்லாம் நான் சொல்லித்தரது. அந்த விஜயலக்ஷ்மி கிளுக்குன்னு சிரிச்சா. "எழுந்து வெளில போடா"ன்னேன். போயிட்டான். ஒரு மன்னிப்புக் கேட்டிருக்கப்படாதோ? நேரே படியிறங்கி, ரோட்டைத் தாண்டி, அந்தப் படியில ஏறிட்டான்.

என் ஆத்துக்காரி வாலாம்பாள் சொல்றா, "அவன் எதிர்ல போகலை, நீங்கதான் அனுப்பி வச்சேள்"னு. பொம்மனாட்டிகளுக்குச் சட்டம் என்ன தெரியும்?

சரி, உங்க விஷயத்துக்கு வருவோம். உங்க மச்சினர் லெட்டர் போட்டிருக்கார், கை நன்னா ஓடும்னு. நாளைக்கே வந்துடுங்கோ. ஒரு சின்னப் பாண்டு மட்டும்… என்ன?… வக்கீல் சொன்னது சுந்தரராமனுக்காக்கும், உங்களுக்கில்லை! அதையெல்லாம் மனசுல வச்சுக்கப்படாது. இந்த வாட்டி அஞ்சு வருஷம், ரெண்டு மைல்.

இதோ கீழ்த் தாள். அதுமேல கார்பன். புதுசு, பிளாக் மார்க்கெட்டுல வாங்கினேன். பாருங்கோ, கண்ணாடி மாதிரி இருக்கு! குனிஞ்சா உங்க மூஞ்சியே தெரியும்போல இருக்கு. அதுமேல நல்ல தாள்… என்ன, அதையே பாக்கறேள்? ஏதோ சொல்ல வந்தேளே?… ஒண்ணுமில்லையா? சரி.

பேர்?… ஆறுமுகநயினார். அடேயப்பா, அரை வரி ஓடறதே… இருங்கோ, இருங்கோ… ஆச்சு. பிடிங்கோ பேனா. அழுத்திப் போடணும், அடியில விழணும். இன்னும் கொஞ்சம் அழுத்தி… பேஷ்!

மேல் தாள் உங்களுக்கு. ஆத்துல சுவத்துல ஒட்டி வச்சுக்கோங்கோ. கீழ்த் தாள் பெட்டிக்கு.

அந்தச் சாவியை இப்படி எடுங்கோ… ரெண்டு பூட்டும் போட்டாச்சு.