மேக்கணக்கிலிருந்து பேசுறோம்

— மூடிய அப்படியே புடிங்க ஸம்சுதீன் நானா, ஆட்டாதீங்க. உள்ளுக்கு எலி கூடு கட்டி வச்சிருக்கு.

— எலி கட்டாம என்ன செய்யும் தங்கச்சி? வெள்ளக்காரத் தொர இந்த பங்களாவ உட்டுப் போய் முப்பது வருஷம். அவன் குந்தின கதிரையே உளுத்துப் போச்சி. அவன்ட வயர்லெஸ் பொட்டி மட்டும் பேசுமா?

— பேச வைக்கணும். வேற வழியிருந்தா சொல்லுங்க. மலை சரிஞ்சதுல போன் கம்பி மண்ணோட போயிருச்சு. செல்போன் ஒருத்தர்கிட்டயும் இல்ல. ரோட்டு இல்ல. கத்துனா ரெண்டு மைலுக்கு அங்கிட்டு கேக்குமா?

— என்னத்த சொல்ல. தேயிலக் கொழுந்து ஏத்த வந்தவன் நான். இப்ப நானும் லொறியும் ஒங்களோட மாட்டிக்கிட்டோம்.

— மாட்டுனது நல்லதாப் போச்சு. லொறி பேட்டரி இல்லாட்டி இது வெறும் தகரம். மேக்கணக்குல நாங்க குடியிருந்த லயம் மூணும் மண்ணுக்குள்ள போனாலும், முந்தின நாளே பங்களாவுக்கு ஏறுனதுல நாப்பத்தோரு பேரும் தப்பிச்சிட்டோம். இப்ப என் பயம் ரெண்டு மைல் கீழ, தோட்டத்தோட அடுத்த பிரிவு கீக்கணக்கு சனத்துக்குத்தான்.

— அந்த தண்ணியச் சொல்றீங்க.

— ஆமா. சரிஞ்ச மண்ணு ஓடைய அடைச்சி, கொளமாட்டம் நிக்குது. அது ஒடைஞ்சா நேரா கீக்கணக்குப் பள்ளிக்கூடம். வெள்ளத்துக்கு ஒதுங்குன சனம் பூரா அங்கதான் இருக்கும். சாமான் வாங்க எறங்குன எங்க வீட்டுக்காரரும் மகளும் அங்கதான்.

— யா அல்லா. சரி, சொல்லுங்கோ, நான் என்ன செய்ய?

— அடுப்புல சூட்டுக்கோல் வச்சிருக்கேன், செவந்திருச்சான்னு பாருங்க. கரண்டு இல்லாம ஈயம் உருக்க அதான் வழி. ரத்தினபுரியில ரேடியோ கடையில எட்டு வருஷம் வேலை செஞ்ச கை இது, மறக்கல.

— இந்தாங்கோ. கை பத்திரம்.

— மெழுகு வழியுற இந்த கண்டென்சர் செத்துப் போச்சு. இத வெட்டிட்டு, எங்க லயத்து சுப்பம்மா அக்கா ரேடியோவுல இருந்து எடுத்தத போடுறேன். வால்வ் ஒண்ணும் கறுத்துப் போச்சு. அதே நம்பர் வால்வும் அக்கா ரேடியோவுல இருக்கு.

— மண்ணு சரியப் போகுதுன்டு எல்லாரும் புள்ளைகளத் தூக்கிட்டு ஓட, அந்த மனுசி ரேடியோவத் தூக்கிட்டு ஓடினிச்சே!

— அவங்க புருஷன் வாங்கிக் குடுத்தது. கேட்டதும் யோசிக்காம கழட்டிக்கன்னு சொல்லிட்டாங்க. ம்... இப்ப பேட்டரிய கொடுங்க. செவப்பு வயர் இந்தப் பக்கம்.

— ஒண்டும் இல்லியே. வெளிச்சமே இல்ல.

— இருங்க. பேட்டரி கரண்ட கூட்டிக் குடுக்குற டப்பா இது. உள்ளுக்கு துடிக்கணும், துடிக்கல. துரு புடிச்சி ஒட்டிக்கிருச்சு. நெருப்புப் பெட்டி இருக்கா?

— சுருட்டு குடிக்கவா?

— உரசுற பக்கத்தால துருவ தேய்க்க! கொடுங்க... ம்... இப்ப வையுங்க.

— ர்ர்ருங்குது! தங்கச்சி, வால்வ் எல்லாம் செவந்து வருது பாருங்கோ! அல்ஹம்துலில்லாஹ்!

— ஏரியலுக்கு பலாமரத்துல கட்டுன வேலிக் கம்பிய இந்த ஓட்டையில சொருகுங்க.

— ஒரு விஷயம் சொல்றன், கோவிக்காதீங்கோ. தமிழ்ப் பொம்பள வயர்லெஸ்ல பேசினாண்டு நாளைக்கி பொலிஸ், ஆமிண்டு ஆராவது வந்து நின்டா?

— சண்டை நின்னு ஒரு வருஷம் ஆச்சு நானா. வந்து கேக்கட்டும், பதில் சொல்லிக்கிறேன். கீழ உள்ளவங்க செத்தா யாருக்கு பதில் சொல்ல?

— அப்ப என்ட பேரையும் சேர்த்துச் சொல்லுங்கோ. பேட்டரி என்ட.

— ஹலோ, ஹலோ. கலவான ஊருக்குப் பக்கத்துல, மேக்கணக்கிலிருந்து பேசுறோம். கேக்குதா? யாராவது பேசுங்க.

— இரைச்சல்தான்.

— குமிழ திருப்புறேன். ஹலோ, மேக்கணக்கிலிருந்து பேசுறோம்...

— நாலாவது தரம். வெளிய போய் பாத்துட்டு வந்தன், அடைச்ச மண்ணத் தாண்ட தண்ணி இன்னும் ஒரு முழந்தான் ஏறணும்.

— சத்தம் போடாதீங்க! கேட்டுச்சா?

— ...யாரும்மா அது, தமிழ்ல கூப்பிடுதது? கொஞ்சம் வெளங்கச் சொல்லுங்க. நான் பிச்சையா, தூத்துக்குடியில இருந்து பேசுதேன்.

— தூத்துக்குடியா! இந்தியாவா?

— ஆமா தாயி. வீட்டுல வயர்லெஸ் செட் வச்சிருக்கேன், பொழுதுபோக்குக்கு. நீங்க எங்க இருக்கீய?

— சிலோன்ல, மலையில. ஐயா, என் பேர் ஜெனிற்றா. எங்களுக்கு கீழ பள்ளிக்கூடத்துல சனம் இருக்கு. மேல தண்ணி அடைச்சி நிக்குது, எந்நேரமும் ஒடையும். சொல்ல வழியில்ல. ஒரு போன் போட முடியுமா?

— நம்பரச் சொல்லு தாயி, பேனா கையில இருக்கு.

— நானா, கீக்கணக்கு கிளாக்கர் ஐயாவோட செல்போன் நம்பர்!

— என்ட கொழுந்து புத்தகத்துல இரிக்கி, வாசிக்கிறன், சொல்லுங்கோ.

— ...எழுதிட்டேன். செட்ட அணைச்சிராதீங்க. இந்தா போடுதேன்.

— ரெண்டு மைல் கீழ போக, சேதி கடல் தாண்டிப் போய் வருது பாத்தீங்களா தங்கச்சி?

— வந்தா சரி நானா. ஏசப்பா, வந்தா சரி.

— அழாதீங்கோ. பட்டன்ல கைய வச்சிக்கோங்க.

— தாயி, கேக்கா? ரெண்டு தடவ மணி அடிச்சும் எடுக்கல. மூணாவது தடவ எடுத்துட்டாரு. சொல்லிட்டேன். 'எல்லாரும் கோயில் மேட்டுக்கு'ன்னு அவரு கத்துனது எனக்கே கேட்டுச்சு. சனம் மேடு ஏறிக்கிட்டு இருக்கு.

— நானா, அது என்ன சத்தம்?

— இருங்கோ, வெளிய பாக்கிறன்... தங்கச்சி! ஒடைஞ்சிட்டு! மரமெல்லாம் சேர்த்து அள்ளிட்டுப் போகுது!

— ஐயா! பிச்சையா ஐயா! தண்ணி எறங்கிருச்சு! திரும்ப போன் போடுங்க!

— லைன்லதான் இருக்கேன், இன்னொரு காதுல அவருதான். பொறுங்க... பொறுங்க... தாயி, பள்ளிக்கூடம் போயிருச்சு.

— ஐயோ.

— கட்டடம்தான் போச்சு! நூத்திப் பன்னெண்டு பேரும் கோயில் மேட்டுல நிக்காவ. எண்ணிப் பாத்துட்டாவ. ஒரு ஆடு கூட சாகல!

— நானா, கேட்டீங்களா! சுப்பம்மா அக்கா, எல்லாரும் வாங்க, கேட்டீங்களா! ஐயா, எங்க வீட்டுக்காரர் ஸ்டீபன், மக அருள்செல்வி?

— அவங்க ரெண்டு பேரும் இருக்காவ தாயி. கிளார்க் சொல்லுதாரு: மண்ணு சரிஞ்சதப் பாத்து, மேக்கணக்குல ஒரு உசிரும் மிஞ்சலன்னு நெனச்சி, அந்தப் பள்ளிக்கூடத்துல உங்க எல்லாருக்கும் கடைசி ஜெபம் நடந்துக்கிட்டு இருந்திருக்கு. உம் பேரச் சொல்லி அழுதுக்கிட்டு இருந்த மனுசனத்தான் அவரு மொதல்ல புடிச்சி இழுத்தாராம்: 'டேய் ஸ்டீபன், ஒம் பொஞ்சாதி இப்பதான் பேசுனா, ஒன்ன எந்திரிச்சு ஓடச் சொல்றா!'